பழைய ரைபிளுக்குப் புதுக் கண்

துப்பாக்கியைப் பற்றிச் சங்க மலரில் எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். கம்பனுக்கும் பாரதிக்கும் ஒதுக்க வேண்டிய பக்கங்களில் இதென்ன வெடிமருந்து வாசனை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பௌதிகம் படிக்கிறவன். அதிலும் ஒளியியல் என்னும் மூலையில் காலம் தள்ளுகிறவன். என்.சி.சி.யில் மூன்று வருஷம் காக்கி உடுத்திப் புழுதியில் புரண்டு, 'சி' சான்றிதழும் வாங்கியவன். என்னுடைய இந்த இரண்டு வாழ்க்கையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது ரைபிளின் முதுகில் உட்காரும் கண்ணாடி. எனவே எனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன்.

பழைய ரைபிள் ஒன்றின் மேல் இந்தக் காலத்துக் கண்ணாடி ஒன்றைப் பொருத்த வேண்டும். அதில் என்ன பிரமாதம்? நாலு திருகு, ஒரு திருப்புளி, அரைமணி நேரம் போதாதா? எங்கள் விடுதியில் எஞ்சினீரிங் நண்பர்கள் இப்படித்தான் கேட்டார்கள். போதாது என்பது என் பதில். ஏன் போதாது என்பதில்தான் சுவாரஸ்யம் எல்லாம் இருக்கிறது.

முதலில் ரைபிளை அறிமுகம் செய்துவைக்கிறேன். 1962-ஆம் ஆண்டு இமயத்தின் பனியில் நம் ஜவான்கள் நின்றபோது அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் .303 ரைபிள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகு வந்தது 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள் என்பது அதன் பெயருக்குப் பொருள். மூலம் பெல்ஜியம் நாட்டுச் சரக்கு; டியூடோனே சேவ் என்பவர் வகுத்தது. பிரிட்டிஷார் அதைத் தங்கள் அளவுக்கு மாற்றி எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் வங்காளத்து ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை 1960-களிலிருந்து 1ஏ1 என்ற பெயரில் அதைச் செய்தது. 1990-களின் பிற்பகுதியில் இன்சாஸ் ரைபிள் அதன் இடத்துக்கு வரும்வரை நம் காலாட்படையின் தோளில் கிடந்தது அதுதான். அதன் பிறகும் பல மாநிலங்களின் போலீஸ் கிடங்குகளிலும், என்.சி.சி. முகாம்களிலும் அது நெடுங்காலம் உயிரோடு இருந்தது. நான் முகாமில் சுட்டதும் அதைத்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. குண்டு குழலுக்குள் ஓடும்போதே, அதைத் தள்ளும் காஸில் கொஞ்சம் ஒரு சிறு துளை வழியாக மேலே பிரிந்து ஒரு பிஸ்டனை உதைக்கிறது. பிஸ்டன் போல்ட்டை உதைக்கிறது. போல்ட் பின்னால் ஓடிக் காலித் தோட்டாவை வெளியே எறிகிறது. பின்னால் உள்ள சுருள்வில் அதை முன்னுக்குத் தள்ள, போகிற போக்கில் மேகசீனிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு போய் அடைக்கிறது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. மேகசீனில் 20 தோட்டா. இத்தனை ஓட்டமும் நடப்பது நம் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில், ஒரு மெல்லிய தகட்டு மூடியின் அடியில். இந்த மூடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் வில்லன் அதுதான்.

இனி இதன் பழைய கண். கண்ணருகே உலோகத்தில் ஒரு சிறு துளை. இதைப் பின்குறி என்று சொல்லுவோம். குழலின் முன்பக்கத்தில் ஒரு சிறு முளை, இது முன்குறி. துளையின் நடுவில் முளையை நிறுத்தி, முளையின் தலையில் இலக்கை உட்கார வைத்து, மூச்சை அடக்கி விசையை அழுத்த வேண்டும். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் மனிதக் கண் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தை மட்டுமே துல்லியமாகப் பார்க்கும். இங்கே மூன்று தூரம் இருக்கிறது. துளை கண்ணுக்கு எதிரே. முளை ஒரு மீட்டருக்குள். இலக்கு 300 மீட்டருக்கு அப்பால். மூன்றும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியாது. எனவே முகாமில் உஸ்தாத் ஒரு பாடத்தை மண்டையில் அடித்துப் புகட்டுவார்: "முன்குறியைப் பார்! இலக்கு மங்கட்டும், முன்குறி கத்தி மாதிரி தெரியட்டும்!" இருபது வயதுக் கண்ணுக்கு இது பெரிய சிரமம் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளகலாக இருக்கிறது, வேண்டியபடி வளைந்துகொடுக்கிறது.

வயது நாற்பதைத் தாண்டினால் கதை வேறு. அந்த லென்ஸ் ஆண்டுக்கு ஆண்டு விறைத்துக்கொண்டு வருகிறது. முதலில் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கிறோம். பிறகு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்குகிறோம். ஐம்பதை நெருங்கும்போது ஒரு மீட்டர் தூரத்து முன்குறியும் கலையத் தொடங்குகிறது. பின்குறியின் துளை சிறியது என்பதால் நல்ல வெயிலில் அது கொஞ்சம் கைகொடுக்கும். சிறு துளை வழியே பார்த்தால் மங்கலும் ஓரளவு தெளியும் என்பது ஊசித் துளைக் காமிரா செய்தவர்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் அந்தச் சிறு துளையே வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தமையன். நாங்குநேரிப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரர். 1970-இல் தம் இருபதாவது வயதில் படையில் சேர்ந்து 1998-இல் சுபேதாராக ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருஷமும் எஸ்.எல்.ஆரோடு குடித்தனம் நடத்தியவர். அவருடைய கம்பெனியில் குறி பார்த்துச் சுடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது எங்கள் குடும்பத்தில் சுவரில் எழுதி வைக்காத வேதவாக்கு. ஆனால் கடைசி இரண்டு வருஷம் முன்குறி தமக்குச் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரிந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பயிற்சித் திடலில் கை பழக்கத்தால் சுட்டாராம். என்னிடம் அதைச் சொன்னதே அண்மையில்தான். அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. என் எம்.எஸ்ஸி. ஆய்வு வேலைக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் கேட்டபோது, ரைபிள் கண்ணாடியின் ஒளியியல் என்று நான் சொன்னதற்கு வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

கண்ணாடி இந்தச் சங்கடத்தை எப்படித் தீர்க்கிறது? தொலைநோக்கியின் உள்ளே இலக்கின் பிம்பம் ஒரு தளத்தில் விழுகிறது. குறிக்கோடுகளை அதே தளத்தில் வைத்துவிட்டால், கோடும் இலக்கும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். மூன்று தூரம் ஒன்றாகிவிடுகிறது. பெரிதாகத் தெரிவது அதற்கு மேல் கிடைக்கும் கொசுறு. நான்கு மடங்கு பெருக்கும் கண்ணாடியில் 300 மீட்டர் தூரத்து ஆள் 75 மீட்டரில் நிற்பவன் போலத் தெரிவான்.

இதெல்லாம் சரி, அதை ரைபிளில் எங்கே வைப்பது? உலகம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய கதை வேடிக்கையானது. மூன்று உதாரணம் சொல்லுகிறேன்.

அமெரிக்கர்கள் 1936-இல் எம்1 கேரண்ட் என்ற ரைபிளை ஏற்றுக்கொண்டார்கள். கனடாவில் பிறந்த ஜான் கேரண்ட் என்பவர் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் உருவாக்கியது அது. எட்டுத் தோட்டாக்களை ஓர் இரும்புக் கவ்வியில் சேர்த்து மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். எட்டும் தீர்ந்ததும் கவ்வி மேலேயே தெறித்து விழும். ரைபிளின் உச்சந்தலையே அதன் வாய். வாய்க்கு நேர்மேலே மூக்குக் கண்ணாடியை மாட்ட முடியுமா? இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், தொலைநோக்கியை இடப்பக்கமாக ஒதுக்கி வைத்தார்கள். சுடுகிறவன் முகமும் இடப்பக்கம் ஒதுங்க வேண்டியதாயிற்று. அதற்காகக் கட்டையின் பக்கத்தில் தோலால் ஒரு கன்னத் திண்டு கட்டினார்கள். கண்ணை நகர்த்தினால் கன்னத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது முதல் பாடம்.

சோவியத் நாட்டில் எஸ்.வி.டி. 40 என்ற தானேற்றி ரைபிளுக்கு மூன்றரை மடங்குத் தொலைநோக்கி பொருத்தினார்கள். கண்ணாடி நல்ல கண்ணாடிதான். ரைபிளின் குண்டுகள்தான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சிதறின. 1942-இல் அந்த முயற்சியைக் கைவிட்டுக் கையால் போல்ட் இழுக்கும் பழைய மோசின் ரைபிளுக்கே தொலைநோக்கியை மாற்றிவிட்டார்கள். கண்ணாடி பார்வையைத் திருத்தும்; குழலின் குணத்தைத் திருத்தாது. இது இரண்டாவது பாடம்.

மூன்றாவது உதாரணம் நம் எஸ்.எல்.ஆரின் பிரிட்டிஷ் தமையனுடையது. 1970-களில் அவர்கள் அதற்கு சூட் என்று சுருக்கிச் சொல்லப்பட்ட நான்கு மடங்குக் கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். இருட்டில் குறி தெரிவதற்காக அதனுள் டிரிட்டியம் விளக்கு ஒன்று இருந்தது. டிரிட்டியம் கதிரியக்கப் பொருள். சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். ஆகவே விளக்கும் வயதாகி மங்கும். குறிமுளை கீழிருந்து எழும்பாமல், இலக்கை மறைக்காதபடி மேலிருந்து தொங்கியது. நல்ல யோசனை. ஆனால் அதை எங்கே பொருத்தினார்கள்? நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த மேல்மூடியில்!

எஸ்.எல்.ஆரின் மூடி இரண்டு பக்கத்துக் காடிகளில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும் தகடு. தூசி உள்ளே போகாமல் தடுப்பது அதன் உத்தியோகம். துடைக்கும்போது கழற்ற வேண்டும். ஆகவே கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். தளர்வு எவ்வளவு கெடுதல் செய்யும்? பள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடியைத் தாங்கும் இரண்டு கால்களுக்கு நடுவே 15 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் 0.1 மில்லிமீட்டர் அசைகிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலரின் ஒரு தாளின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். 300 மீட்டரில் குறி 20 சென்டிமீட்டர் விலகிப்போகும். தலைக்கு வைத்த குறி தலைக்கு மேல் காற்றைத் துளைக்கும்.

இப்போது பழைய இரும்புக் கண்ணுக்குத் திரும்புங்கள். அதன் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே அரை மீட்டருக்கும் மேலே, ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் இடைவெளி. அதே தாள் கனம் அங்கே ஆடினால் 300 மீட்டரில் ஐந்தரை சென்டிமீட்டர்தான் விலகும். இரும்புக் குறி ஏழைதான். ஆனால் கால்களை அகல ஊன்றி நிற்கும் ஏழை. புதுக் கண்ணாடி பணக்காரன். ஒற்றைக் காலில் நிற்கிறான். பழைய ரைபிளைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் கைவசம் இருந்த கண்ணுக்குப் பொருத்தமாகத்தான் அந்த மூடியைத் தளர்வாக விட்டார்கள். நாம் கண்ணை மாற்றுகிறோம். மூடிக்கு அது தெரியாது.

இந்தக் காலத்தில் இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. மெல்லிய மூடியை எடுத்துவிட்டு, கெட்டி அலுமினியத்தில் கடைந்த கனத்த மூடியைப் பக்கத் திருகுகளால் ரைபிளின் உடலோடு இறுக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். அதன் மேல் பல்வரிசை போன்ற ஒரு தண்டவாளம். இந்தத் தண்டவாளத்துக்கு அமெரிக்க ராணுவம் 1995-இல் ஒரு தர அளவு விதித்தது. காடியின் அகலம், காடிக்குக் காடி தூரம் எல்லாம் எழுதிவைத்த கணக்கு. அதன் பிறகு யார் செய்த கண்ணாடியும் யார் செய்த ரைபிளிலும் உட்காரலாம் என்றாயிற்று. கேரண்ட் போலத் தலையில் வாய் உள்ள ரைபிளுக்கு வேறு வழி: வாய்க்கு முன்னால், குழலின் மேல் உள்ள கைக்கட்டையை எடுத்துவிட்டு அங்கே தாங்கியை வைப்பார்கள். சாதாரணத் தொலைநோக்கியைக் கண்ணுக்கு எட்டு, பத்து சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னால் வைப்பதற்கென்று எட்ட வைத்துப் பார்க்கும் தனி வகை உண்டு. ஆனால் குழல் சூடேறும் பொருள். சூட்டில் உலோகம் நீளும் என்பதை ரயில் தண்டவாளம் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இறுக்கி முடித்த பிறகும் வேலை ஓயாது. கண்ணாடி உயரமாக உட்கார்ந்ததால் கண்ணும் உயர வேண்டும். பழைய கட்டையில் கன்னத்தைப் பதித்தால் கண்ணாடியின் அடிவயிறுதான் தெரியும். கழுத்தை நீட்டிக் கோழி மாதிரி பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தலை ஓரிடத்தில் நிற்காது. எனவே கட்டையின் மேல் ஓர் உயரத் திண்டு. அடுத்து, பார்வைக் கோடு குழலுக்கு மேலே ஏறிவிட்டது. குழலிலிருந்து 7 சென்டிமீட்டர் மேலே கண்ணாடி இருந்து, 100 மீட்டருக்கு அதைச் சரிசெய்து வைத்தால், 10 மீட்டரில் உள்ள பொருளில் குண்டு குறிக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் கீழே விழும். தூரத்துக்குத் திருத்திய கண் பக்கத்தில் பொய் சொல்லும். அதைத் தெரிந்துகொண்டு சுட வேண்டும்.

பிறகு உதை. சுமார் 9 கிராம் குண்டு விநாடிக்கு 800 மீட்டருக்கு மேலான வேகத்தில் முன்னால் பாய்கிறது. ரைபிள் பின்னால் உதைக்கிறது. கையால் இழுக்கும் ரைபிளில் உதை ஒன்றோடு முடிந்தது. தானேற்றியில் போல்ட் பின்சுவரில் மோதும்போது ஓர் அதிர்ச்சி, திரும்பி வந்து முன்னால் மோதும்போது எதிர்த்திசையில் இன்னோர் அதிர்ச்சி. ஒரு திசை உதைக்கு மட்டும் தயாரான கண்ணாடியின் உள்ளுறுப்பு இதில் குலுங்கிப் போகும். வேட்டைக்கென்று செய்த மலிவுக் கண்ணாடியைப் போர் ரைபிளில் மாட்டியவர்கள் இதைச் செலவு செய்து கற்றிருக்கிறார்கள்.

இத்தனையும் செய்த பிறகு என்ன லாபம்? ராணுவத் தோட்டாவோடு ரைபிளின் சிதறல் மூன்று நிமிஷக் கோணம் என்று வைத்துக்கொள்வோம். நிமிஷம் என்பது இங்கே கடிகாரக் கணக்கு அல்ல; ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 300 மீட்டரில் ஒரு நிமிஷம் சுமார் 8.7 சென்டிமீட்டர், மூன்று நிமிஷம் 26 சென்டிமீட்டர். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி வைத்தாலும் அந்த 26 சென்டிமீட்டர் வட்டம் சுருங்காது. சோவியத் நாட்டவர் படித்த பாடம் இதுதான். லாபம் ரைபிளுக்கு அல்ல, அதைப் பிடித்திருக்கும் மனிதனுக்கு. அவன் கண்ணின் வயதையும், வெளிச்சக் குறைவையும், பதற்றத்தையும் கண்ணாடி தன் மேல் கொஞ்சம் ஏற்றுக்கொள்கிறது.

என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது தொலைநோக்கி அல்ல. அதைவிட எளிய சிவப்புப் புள்ளிக் கண்ணாடி. இதன் தத்துவம் அழகானது. பாதி ஒளியைத் திருப்பி, பாதியை விட்டுவிடும் குழிவான கண்ணாடி ஒன்று. அதன் குவியத்தில் சிறு சிவப்பு விளக்கு. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகத் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. இணைகதிர் என்றால் வெகுதூரத்திலிருந்து, நட்சத்திரத்திலிருந்து வருவது போல. ஆகவே புள்ளி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியாது. தூரத்து மரத்தின் மேலேயே போய் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். தலையைச் சற்று அசைத்தாலும் புள்ளி மரத்தைவிட்டு அநேகமாக நகராது. கண்ணை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்ற கட்டுப்பாடும் கிடையாது. பெருக்கிக் காட்டுவதும் கிடையாது.

இந்த யோசனைக்கு 1900-ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் டப்ளின் நகரத்து ஹோவர்டு கிரப். வானநோக்கிகள் செய்து பெயர் வாங்கிய குடும்பத்தவர். நமக்கும் அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். புணேயிலிருந்து 1912-இல் கோடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்த 20 அங்குல வானநோக்கி அவருடைய பட்டறையில் பிறந்ததுதான். நட்சத்திரம் பார்ப்பவரின் மூளையில் உதித்த யோசனை போர் விமானங்களில் ஏறியது. 1975-இல் சுவீடன் நாட்டு ஏம்பாயிண்ட் கம்பெனி மின்கலத்தில் எரியும் புள்ளியோடு அதைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தது.

சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, ஆய்வுக்கூடத்தில் செய்த கண்ணாடியை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். துப்பாக்கி வடிவத்தில் ஒரு பலகையோடு ரயில் ஏறும் தைரியம் எனக்கு இல்லை. பலகையை ஊரில் தச்சரிடம் சொல்லி அறுத்துக்கொண்டேன். முன்குறிக்கு ஓர் ஆணி. பின்குறிக்கு ஒரு வாஷர். அதன் நடுவில் என் கண்ணாடி. இரண்டு பென்சில் பாட்டரி. சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோனேன்.

"ஏ மருமவனே, என்னத்தடே செஞ்சு கொண்டாந்திருக்கே?" என்று சிரித்தார். ஆனால் பலகையைக் கையில் வாங்கிய விதத்தில் சிரிப்பு இல்லை. இடது கை தானாகவே சரியான இடத்தில் பிடித்தது. கட்டை தோளில் ஏறியது. எழுபத்தைந்து வயது முதுகு நிமிர்ந்தது.

முதலில் கண்ணாடியைத் துணியால் மூடி, வாஷர் வழியே ஆணியைப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் பார்த்தார். "ஆணி எங்கடே இருக்கு? பொகையால்லா தெரியுது" என்றார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, தூரப் பார்வைக்கான லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அந்த லென்ஸ் வளையாது. கிட்டத்து ஆணி அவருக்கு இனி எந்நாளும் தெளியாது.

துணியை எடுத்தேன். தெருக்கோடியில் ஒரு புளியமரம் உண்டு. அதைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. நான் வாய் திறக்கப் போனபோது, "சும்மா இருடே" என்றார். பிறகு பலகையை மடியில் கிடத்திக்கொண்டு, "மரமும் தெரியுது, புள்ளியும் தெரியுது. ரெண்டும் ஒண்ணா தெரியுது" என்றார். என் கண்ணில் சிலிண்டர் பவர் உண்டு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அதே புள்ளி எனக்கு வால்நட்சத்திரமாக இழுபடும். மாமாவுக்குத் தெரிந்தது கடுகு மாதிரி உருண்டையான புள்ளி. அந்த ஒரு காரியத்தில் எழுபத்தைந்து வயது என்னை வென்றுவிட்டது.

"இது அந்தக் காலத்துல இருந்திருந்தா இன்னும் நல்லாச் சுட்டிருப்பீங்களே, மாமா" என்றேன்.

அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தின குளிர்காலத்தில் ஓர் எல்லைக் காவலில் நடந்ததைச் சொன்னார். பொழுது சாயும் நேரம். சரிவில் ஓர் உருவம் குனிந்து நகர்ந்து வருகிறது. பக்கத்தில் இருந்த பையனின் விரல் விசையில். இவர் ரைபிளைத் தூக்கிப் பார்க்கிறார். முன்குறியும் புகை, உருவமும் புகை. "பொறு" என்று பையனின் கையைப் பிடித்துக்கொண்டாராம். கால்மணி நேரம். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, முதுகில் விறகுச் சுமையோடு ஒரு கிழவி.

"தெளிவா தெரிஞ்சிருந்தா கால்மணி நேரம் அந்தப் பய விரலைப் புடிச்சுக்கிட்டு நடுங்கிருக்க வேண்டாம்லா. நல்லாச் சுடுறதுக்கு மட்டுமாடே கண்ணு? சுடாம இருக்கதுக்கும் கண்ணு வேணும்" என்றார்.

எங்கள் பாடப் புத்தகங்களில் பிம்பம், குவியம், கோணம் எல்லாம் இருக்கின்றன. இந்த வாக்கியம் இல்லை. அதை என் ஆய்வேட்டின் முன்னுரையில் சேர்க்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஹிந்தியில் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள் என்றார்.

புள்ளிக் கண்ணாடிக்கும் குறைகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இரண்டு நிமிஷப் புள்ளி 300 மீட்டரில் 17 சென்டிமீட்டரை மறைத்துவிடும். அது பெருக்கிக் காட்டாது. அந்தி மசங்கலில் உள்ள உருவம் கிழவியா, எதிரியா என்று பிரித்துச் சொல்ல, வாய் அகன்ற நல்ல தொலைநோக்கிதான் அதிகம் உதவும். மின்கலம் தீரும், கண்ணாடியில் மழைத்துளி விழும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பழைய இரும்புக் குறியைப் பிடுங்கி எறிவதில்லை. தாங்கியின் நடுவே ஓர் ஓடை வெட்டி, கண்ணாடிக்கு அடியில் பழைய குறியும் தெரியும்படி விட்டுவைக்கிறார்கள். புது மருமகள் வந்த வீட்டில் மாமியாருக்கும் ஒரு திண்ணை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் எஸ்.எல்.ஆர். போன்ற ராணுவ ரைபிளைக் குடிமக்கள் வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடம் தருவதில்லை. அமெரிக்காவில் பழைய கேரண்டை வாங்கி வீட்டுப் பட்டறையில் கண்ணாடி மாட்டுகிறவர்கள் பலர் உண்டு. அது அவர்கள் பொழுதுபோக்கு. நமக்கு இது பொழுதுபோக்கு அல்ல. ரைபிள் ஈசாப்பூரிலும் நம் திருச்சிராப்பள்ளியிலும் செய்யப்படுகிறது. அதற்குக் கண் தேராதூனில் செய்யப்படுகிறது. இந்த மூன்று ஊர்களிலும் நாளைக்கு வேலைக்குப் போகப்போகிறவர்கள் நம்மில் சிலர் இருக்கலாம். அவர்கள் மேசைக்குப் பழைய ரைபிள் ஒன்றும் புதுக் கண்ணாடி ஒன்றும் வந்தால், திருப்புளியைத் தேடுவதற்கு முன்னால் அந்த மூடியை விரலால் ஒருமுறை அசைத்துப் பார்க்கட்டும். பிறகு, அதைத் தோளில் வைக்கப்போகிறவனுக்கு என்ன வயது என்றும் விசாரிக்கட்டும்.

என் கண்ணாடி இப்போது பௌதிகத் துறையின் ஒளியியல் கூடத்தில், வாசலுக்கு எதிர் மேசையில் இருக்கிறது. பலகை ஊரிலேயே தங்கிவிட்டது, மாமா தரவில்லை. சனிக்கிழமை மாலையில் நான் அங்கே இருப்பேன். பார்க்க விரும்பும் நண்பர்கள் வரலாம். ஜன்னலுக்கு வெளியே புளியமரம் கிடையாது. தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில் புள்ளி நன்றாக உட்காரும்.